சத்தம் போடாத செருப்பு

அன்றைக்குத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த செருப்புக் கடையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எங்கள் காண்ட்ராக்டர் ஒருவர். அவருக்கு வலது கை மாதிரி இருந்த, பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆள் ஒருவர்; அவரை எல்லாரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவோம். என் மனைவியின் தம்பி ஒருவன். கடைக்காரர் பாய். ஐந்தாவது நான். வாசலில் பீடி குடித்துக்கொண்டு ஆறாவதாக ஒருவன் நின்றான் என்று காண்ட்ராக்டர் பிற்பாடு சொன்னார். பொய். வாசலில் எவனும் இல்லை. நான் எந்த இடத்துக்குப் போனாலும் யார் யார் இருக்கிறார்கள், வெளியே போக வழி எது என்று பார்க்காமல் உட்காருகிறவன் இல்லை. அது என் வியாதி. அந்த வியாதி இருந்ததால்தான் ஐந்து என்று அடித்துச் சொல்கிறேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்வது மழை மாதிரி. வரும் என்று தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. கவிழ்ந்ததும் சுற்றுவட்டத்துச் சனம் ஓடிவந்து டிரைவரையும் கிளீனரையும் இழுத்துப்போட்டு, வருகிற வண்டியை மறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அந்தப் புண்ணியத்தை முடித்த கையோடு அதே சனம் திரும்பி வந்து சரக்கை அள்ளும். அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. ஆகவே லாரி ஆபீஸ்காரர்கள் எங்கள் காண்ட்ராக்டரிடம் பேசி வைத்திருந்தார்கள். போன் வந்ததும் அவர் ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவார். மாற்று லாரி வந்து சரக்கை ஏற்றுகிற வரைக்கும் நாங்கள் காவல் நிற்க வேண்டும். லாரி கவிழாத நாளில் சிமெண்ட் குடோனிலோ கல் உடைக்கிற கிரஷரிலோ நிறுத்துவார். நாளைக்குப் பத்து ரூபாய்.

இந்தப் பத்து ரூபாய்க்குப் போவதற்கு முன்னால் அவருக்கு நான் நூற்றைம்பது ரூபாய் டெபாசிட் கட்டியிருந்தேன். உடுப்புக்கும் சாமானுக்கும் என்றார். வேலையை விட்டு நிற்கிற அன்று திருப்பித் தருவதாகப் பேச்சு. அந்தப் பணம் என்னுடையதும் இல்லை. என் மனைவி இண்டூரில் அவள் அம்மா வீட்டிலிருந்து குட்டியாக ஓட்டிக்கொண்டு வந்து வளர்த்த இரண்டு ஆட்டை விற்ற பணம். ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது அவள் அழவில்லை. "இது போனா நீ வூட்டுக்கு வராத," என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை: அந்த நூற்றைம்பது எப்படியெல்லாம் போகும்? தூங்கினால் போகும். தடியைத் தொலைத்தால் போகும். கால் ஒடிந்து வேலைக்கு வர முடியாவிட்டால் போகும்.

காலைப் பற்றிய பயத்தோடுதான் அந்தக் கடைக்குள் போனேன்.

"பாய், மூணு ஜோடி பட்டாளத்து பூட்ஸ் எடு. அடியில லாடம் அடிச்சதா இருக்கணும்," என்றார் காண்ட்ராக்டர், உட்காருவதற்கு முன்பே.

"பழைய பாக்கிய மொதல்ல பேசிக்கலாமுங்களா?" என்றார் பாய். குரலில் மரியாதை இருந்தது. முகத்தில் இல்லை.

"பாக்கி எங்க ஓடிப்போவுது? எடுன்னா எடு."

பாய் பரண் மேலிருந்து ஒரு கோணிப்பையை இறக்கிக் கவிழ்த்தார். யாரோ போட்டுக் கழித்த பூட்ஸ். வெயிலில் கிடந்த எருமைத்தோல் மாதிரி விறைத்துக்கொண்டு விழுந்தன. அடியில் பெரிய தலை ஆணிகள், குதிகாலில் இரும்பு லாடம். கையில் எடுத்தால் ஒவ்வொன்றும் படிக்கல் கனம்.

"மழ மாசமுங்க," என்றார் பாய். "கணவாய் வேலைங்கறீங்க. லாடம் தார் ரோட்டுல வழுக்குமுங்க. ரப்பர் அடி போட்டது புதுசா வந்திருக்குது, கெட்டியா ஒட்டும். வெல கொஞ்சம் கூட."

விலை கூட என்றதும் காண்ட்ராக்டர் வேறு பக்கம் பார்த்தார். மிலிட்டரிக்கோ அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"யோவ் பாய், பனியிலயும் பாறையிலயும் இந்த பூட்ஸப் போட்டுக்கிட்டு ஏறுனவன் நான். எனக்கே பாடம் எடுக்கறியா?"

"ஏறுனீங்க, சரிங்க. எறங்குனீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. மிலிட்டரிக்கு வாய் பேசுவதற்கு முன் கை பேசும்.

"சத்தம் வேணும்யா எனக்கு," என்றார் காண்ட்ராக்டர். "டக்கு டக்குனு நடந்தா போலீஸ் வருதுன்னு நெனச்சி சனம் ஓடணும். லாரி ஆபீஸ்காரன் குடுக்கற காசுல பாதி அந்தச் சத்தத்துக்குத்தான்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மனசில் ஒரு பயம் வந்துவிட்டால் அதை வெளியே துப்பாமல் எனக்கு மூச்சு விட முடியாது.

"சத்தம் கேட்டா நாம எங்க நிக்கறோம்னு அவுங்களுக்குத் தெரிஞ்சிடுமுங்களே? நாம இந்தப் பக்கம் நடந்தா அவுங்க அந்தப் பக்கம் வந்துடுவாங்களே?"

"வந்துட்டான்யா," என்றார் மிலிட்டரி. "கூர தலமேல விழுந்துடும்னு வாசல்ல படுத்துக்கிட்டு, வாசல்ல படுத்தா பாம்பு வரும்னு உக்காந்துக்கிட்டு இருக்கறவன் இவன்."

எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் என் மச்சினன். வேலைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தவனே நான்தான்.

பூட்ஸைப் போட்டுப் பார்த்தோம். இருந்ததில் சின்னது எட்டாம் நம்பர். என் கால் ஆறு. உள்ளே விட்டால் கிணற்றுக்குள் வாளி விட்ட மாதிரி ஆடியது.

"துணி திணிச்சிக்கடா," என்றார் காண்ட்ராக்டர்.

"எறக்கத்துல கால் முன்னாடி போயி முட்டுமுங்க. நகம் பேந்துடும். நகம் பேந்தா சீழ் வெச்சி..."

"சீழ் வெச்சி, கால எடுத்து, பஸ் ஸ்டாண்டுல துணி விரிச்சி உக்காந்து..." என்று மச்சினன் முடித்தான். "தெரியும் மாமா. வூட்டுல எங்கக்காகிட்ட தெனம் இதான ஓதற?"

என் காலில் பாப்பாரப்பட்டிச் சந்தையில் வாங்கிய டயர் செருப்பு இருந்தது. லாரி டயரை அறுத்து, டியூபில் வார் போட்டது. பார்வைக்கு அசிங்கம். ஆனால் பாறையில் பல்லி மாதிரி ஒட்டும், சேற்றில் கழன்று போகாது, முள் ஏறாது. அதையே போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

காண்ட்ராக்டர் யோசித்தார். யோசனை என் காலைப் பற்றி இல்லை. "ஒழிஞ்சி போ, போட்டுக்க. எனக்கு ஒரு ஜோடி மிச்சம். பாய், ரெண்டு போதும்."

இதுதான் அவர் சொன்னது. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நஷ்டம் என்றோ, பொறுப்பு என்றோ பேச்சே எழவில்லை.

"அப்ப என் டெபாசிட்டுல பூட்ஸ் காசு கொறையுங்களா?" என்று கேட்டேன்.

"டெபாசிட் பூட்ஸுக்கு இல்லடா, உன் மூஞ்சிக்கு. இந்த மூஞ்சிய நம்பி எவன்டா வேல குடுப்பான்?"

பிறகு பையிலிருந்து ஆளுக்கொரு விசில் எடுத்துக் கொடுத்தார். தேர்த் திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு விற்கிற சிவப்புப் பிளாஸ்டிக் விசில், உள்ளே தக்கை உருண்டை. மழைக்கோட்டு கேட்டதற்கு, உரச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஆடு மேய்க்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற மாதிரி. தடி அவரவர் வீட்டிலிருந்து. சத்தம் போடுகிற பூட்ஸுக்கு மட்டும்தான் அவர் காசு செலவழித்தார். அதையும் பாக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. பெங்களூர்ப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கிய லாரி, துணி சோப்பு ஏற்றியது, வளைவில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் போய் இறங்கினோம். லாரி ரோட்டோரத்திலேயே படுத்திருந்தது. அட்டைப் பெட்டிகள் சரிவு முழுக்க உருண்டு கிடந்தன. டிரைவருக்கு நெற்றியில் சிராய்ப்போடு போயிற்று. "ஏன் மாடோது, ஏன் மாடோது," என்ன பண்றது, என்ன பண்றது என்று கன்னடத்தில் புலம்பிக்கொண்டு கிடைத்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மிலிட்டரி இடம் பிரித்தார். தான் மேலே ரோட்டில். மச்சினன் சரிவு ஆரம்பிக்கிற இடத்தில், லாரிக்குப் பக்கத்தில். "டயருக்குப் பள்ளம்தான் சரி," என்று என்னைக் கீழே ஓடைக்கரைக்கு அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. கணவாய் மழை என்றால் எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாது. அட்டைப் பெட்டிகள் ஊறிப் பிளந்தன. உள்ளே இருந்த சோப்புக் கட்டிகள் பாறையில் உருண்டு, தேய்ந்து, தண்ணீரோடு சேர்ந்து நுரைக்க ஆரம்பித்தன. மலையே வாயில் நுரை தள்ளுகிற மாதிரி வெள்ளை வெள்ளையாக ஓடைக்கு இறங்கியது. பெட்டிகள் கரைந்து போனால் அதை யார் கணக்கில் எழுதுவார்கள்? மேலே மிலிட்டரியின் பூட்ஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டக், டக், டக். மேட்டுப் பக்கம் போகும், திரும்பும், கீழ்ப் பக்கம் வரும்.

அப்போதுதான் பார்த்தேன். பூட்ஸ் சத்தம் மேட்டுப் பக்கம் போனபோது, கீழ்ப் பக்கத்து வளைவில் புதர் அசைந்தது. சத்தம் திரும்பி வரும்போது புதர் அடங்கியது. மறுபடி சத்தம் போனது, மறுபடி அசைந்தது. பிறகு புதருக்குள்ளிருந்து தலையில் பெட்டியோடு ஒரு ஆள் கிளம்பினான். பின்னால் இன்னொருவன். நான் கடையில் சொன்னது அப்படியே என் கண் முன்னால் நடந்தது.

விசிலை எடுத்து ஊதினேன். தக்கை மழையில் ஊறி உப்பியிருந்தது. உஸ் என்று காற்றுதான் வந்தது. கத்தினேன். மழை இரைச்சலில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்திக்கொண்டே சரிவில் ஏறினேன். செருப்பு அந்த நுரையிலும் பிடித்தது; அதைச் சொல்லத்தான் வேண்டும். வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆம்பளைகள் போய்விட்டார்கள். ஒரு பொம்பளை மட்டும் பெட்டியைத் தலைக்குத் தூக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலையில் உரச் சாக்கு, காலில் டயர் செருப்பு.

"ஏண்ணா மரம் மாதிரி நிக்கற? ஒரு கை புடி," என்றாள். "நீ எடுக்கறதுன்னா அந்தக் கல்லுக்குப் பின்னால போ. பூட்ஸ்காரன் மேட்டுக்குப் போயிருக்கறான்."

"நான் காவலுக்கு வந்தவன். வெய்யி பெட்டிய," என்றேன்.

"காவலா?" அவள் என் காலைப் பார்த்தாள். "பூட்ஸ் எங்க?"

பெட்டியின் மறு பக்கத்தை நான் பிடித்து இழுத்தேன். ஊறிய அட்டை என் கையோடு கிழிந்து வந்தது. அவள் மீதியை இடுப்பில் அணைத்துக்கொண்டு சிரித்தபடியே புதருக்குள் இறங்கினாள். "பூட்ஸ் இல்லாத காவலாம்டி," என்று கீழே யாரிடமோ சொல்வது கேட்டது.

ரோட்டுக்குக் கிட்டே ஏறி வந்து நான் கத்திய சத்தம் மிலிட்டரிக்குக் கேட்டிருந்தது. ஓடி வந்தார். லாரி படுத்த இடத்தில் ரோட்டிலும் சோப்பு கரைந்திருந்தது. லாடம் அதில் ஏறியதும் இரண்டு காலும் ஆகாயத்தில். மணிக்கட்டு வீங்கிப்போய், எழுந்து, ரோட்டோர டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். மச்சினனைத் தேடினேன். பழகாத பூட்ஸ் காலில் கொப்புளம் போட்டதால் அதைக் கழற்றிக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, லாரித் தார்ப்பாய்க்கு அடியில் டிரைவரோடு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, நான் கத்தனது கேக்கலியா?"

"நீ எப்பத்தான் மாமா கத்தல?" என்றான்.

மழை விட்டதும், வெளிச்சம் இருக்கும்போதே மாற்று லாரியும் காண்ட்ராக்டரின் ஜீப்பும் சேர்ந்து வந்தன. எண்ணி ஏற்றினார்கள். பதினாலு பெட்டி குறைந்தது. கரைந்தது எத்தனை, போனது எத்தனை என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. காண்ட்ராக்டர் பதினாலையும் திருட்டு என்றார். வளைவுப் பக்கம் போய்ச் செம்மண்ணில் குனிந்து பார்த்தவர், என்னைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"இதென்னடா?"

சேற்றில் தடம். ஏழெட்டுத் தடம், ஒன்றன் மேல் ஒன்றாக. எல்லாம் டயர் செருப்பு.

"இங்க பூட்ஸ் தடம் ஒண்ணாச்சும் இருக்குதா? டயர் போட்டவன் இங்க நீ ஒருத்தன்தான்."

"சுத்துவட்டாரமே டயர் செருப்புத்தானுங்க போடுது! எல்லாம் அதே சந்தையில வாங்கறதுதான்!"

"அதான்டா கேக்கறேன். திருடன் போடற செருப்ப நீ எதுக்குப் போட்ட? சத்தமே இல்லாத செருப்பு ஒரு காவல்காரனுக்கு எதுக்குடா? அன்னைக்கே கடையில இதையே போட்டுக்கறேன்னு அழுது அடம்புடிச்சியே, இதுக்குத்தானா?"

நான் ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காட்டினேன். "என்னுது குறுக்குக் கோடுங்க. அங்க பதிஞ்சிருக்கறது நெளி நெளியா இருக்குது பாருங்க. வேற டயருங்க அது. பக்கத்துல வெச்சிப் பாருங்க."

"டயருக்கு ஜாதகம் பாக்கறாண்டோய்," என்றார் காண்ட்ராக்டர். மாற்று லாரியில் வந்த கூலி ஆட்களெல்லாம் சிரித்தார்கள். அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கிற எண்ணமும் இல்லை. பதினாலு பெட்டிக்கு லாரி ஆபீஸுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிட்டான்.

மிலிட்டரியைப் பார்த்தேன். கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். விழுந்ததைச் சொன்னால், டீக்கடையில் உட்கார்ந்ததையும் சொல்ல வேண்டும். "நான் ரோட்டப் பாத்துக்கிட்டேன். பள்ளத்துக்கு அவன்தான் பொறுப்பு," என்றார்.

மச்சினனைப் பார்த்தேன். அதற்குள் பூட்ஸை மாட்டி, கயிற்றையும் இறுக்கிக் கட்டியிருந்தான். "நீயாச்சும் சொல்லு மாப்ள. நான் உன்கிட்ட வந்து கேக்கல?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "மழையில எனக்கு ஒண்ணும் தெரியல மாமா."

"கேட்டுக்கடா," என்றார் காண்ட்ராக்டர். "பூட்ஸ் போடாம வர்றவன் நஷ்டத்த ஏத்துக்கணும்னு கடையிலயே சொன்னேன். வாசல்ல பீடி குடிச்சிக்கிட்டு ஒருத்தன் நின்னான், அவனே சாட்சி. உன் டெபாசிட்டும் இல்ல, சம்பளமும் இல்ல. போ."

பதினோரு நாள் சம்பளம் அவரிடம் நின்றிருந்தது.

மறுநாள் பாயைப் போய்ப் பார்த்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் சொன்னார், "அந்த ஆளு அப்புடி ஒரு வார்த்த சொல்லல. வாசல்லயும் எவனும் இல்ல. மசூதியில வந்து கேட்டாலும் இதான்."

"அத அவர்கிட்ட வந்து சொல்லுங்க பாய்."

"சொன்னா என் பாக்கி வருமா?" என்று கேட்டார். "உனக்கு அவன் குடுக்கணும், எனக்கும் அவன் குடுக்கணும். உனக்காகப் பேசி நான் என்னுதையும் தொலைக்கணுமா? போப்பா." அத்தோடு தூசி தட்டுகிற துணியை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். ரப்பர் அடிப் பூட்ஸ் கண்ணாடிக்குள் பளபளவென்று இருந்தது. அதை வாங்கியிருந்தால் மிலிட்டரி விழுந்திருக்க மாட்டார், மச்சினன் கழற்றியிருக்க மாட்டான். ஆனாலும் என் தலையில் விழ வேண்டியது வேறு எப்படியாவது விழுந்துதான் இருக்கும். அந்த ஆள் அப்படி.

வீட்டுக்கு எப்படிப் போவது என்று இண்டூர் ரோட்டில் பஸ் பஸ்ஸாக விட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் போனேன். அவள் கதவை அடைக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எந்தம்பி பக்கத்துலயேவா நின்னான்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வருசம் பொங்கலுக்கு அவன் வந்தபோது இலை போடவில்லை. பூட்ஸோடு வந்து, பூட்ஸோடு திரும்பிப் போனான்.

அதற்கு முன்னால் அவள் இன்னொன்று செய்தாள். நான் வீடு வந்த மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் தர்மபுரிக்குப் போய்க் காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் நின்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். நாய் இருந்தது, போலீஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்ற பயமும் இருந்தது. அவள் குரல் முனை வரைக்கும் கேட்டது.

"ஆட்டத் தின்னவனே, வெளிய வாடா! எம்புருசனுக்கு நிழலப் பாத்தாலே பயம். அவன் திருடுனானா? திருடறதுக்குத் துணிச்சல் வேணும்டா, அது அவங்கிட்ட இருந்தா நான் ஏன்டா ஆட்ட விக்கறேன்?"

எனக்காக ஒருத்தர் பேசியது அந்த ஒரு தடவைதான். அதையும் இப்படித்தான் பேசினாள். தெருவில் கதவுகள் திறந்தன. கடைசியில் ஜீப் டிரைவர் வந்து ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை அவள் கையில் திணித்து, "போம்மா, மானம் போவுதும்மா," என்றான். அவள் நோட்டை விரித்துப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, "இது ஒரு ஆட்டுக் காலு. மீதி ஆடு எங்க?" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

சில வருசம் கழித்து அந்த ஆளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ, அடியில் லாடம் இல்லை. என் காலைப் பார்த்துவிட்டு, "என்னடா, இன்னும் டயருதானா?" என்று கேட்டார்.

"பாக்கிங்க," என்றேன்.

"அந்தப் பதினாலு பெட்டிக்கு நீதான்டா எனக்குக் குடுக்கணும்," என்று சொல்லிக்கொண்டே நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அந்த ஷூ படியில் ஏறியபோது ஒரு சத்தமும் வரவில்லை.

நான் அவருக்கு ஒரு பைசா தரவேண்டியதில்லை. டெபாசிட்டும் சம்பளமுமாக அவர் எனக்குத் தரவேண்டியதில் என் மனைவி வாங்கிய ஐம்பதைக் கழித்துக்கொண்டேன். பாக்கி இருநூற்றுப் பத்து ரூபாய்.